சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால்

அக்கா,

நடந்ததை நடந்தபடியே இதில் எழுதப் போகிறேன். பிடித்தவர்களை நல்லவர்களாகவும் பிடிக்காதவர்களைக் கெட்டவர்களாகவும் மாற்றமாட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்கு எழுதும்போது நான் இடையிடையே செருகும் நிலவும் பூஞ்சோலையும் இதில் இருக்காது. நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே சொல்லிவிடுவேன். நீ இருந்திருந்தால், "மொதல்ல எழுது, பெருமைய பெறகு பேசலாம்" என்றிருப்பாய்.

இன்று மத்தியானம் அம்மாவின் பித்தளைத் தாம்பாளம் வீட்டுக்கு வந்துவிட்டது. இனியும் யாரும் வரவில்லை என்றால் ஏலத்தில் போட்டுவிடுவோம் என்று போலீஸ் நிலையத்திலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனதால், அப்பா காலை வேலை முடிந்து அந்த வழியாகவே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. விளிம்பில் சணல் கயிறு கட்டி, வழக்கு எண் எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நடுவில் சுண்ணாம்புக் கறை அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். பித்தளை வாசனைதான் வந்தது. வெற்றிலை வாசனை எப்போதோ போய்விட்டது.

இதைப் போய் வாங்கிவரச் சொல்லி அப்பா உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார். "அவுங்கதான எடுத்துட்டுப் போனாங்க. அவுங்களே கொண்டாந்து வைக்கட்டும்" என்று ஊசியில் நூல் கோத்தபடியே சொல்வாய். கடைசிவரை நீ போகவில்லை.

தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் நம் தெருக்கோடியில் நீ வேலை செய்த ரப்பர் கிடங்கும் அதன் பெரிய வாசலும் தெரியும். சுதந்திரம் வந்ததற்கு இப்போது வாசலில் புதுக் கொடி கட்டியிருக்கிறார்கள். நீ பார்க்காத கொடி அது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது புகையடித்த ரப்பர் ஷீட்டின் வாசனை வருகிறது. உன் தலைமுடியில் எப்போதும் அந்த வாசனை இருக்கும். சீயக்காய் போட்டுக் குளித்தாலும் போகாது.

அஞ்சலையிலிருந்து தொடங்க வேண்டும். அவளுடைய கைக்குழந்தையை அவள் அம்மா மத்தியானத்தில் தூக்கிக்கொண்டு கிடங்கின் வேலியோரம் வந்து நிற்பாள். அஞ்சலை ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருவாள். ஒருநாள் கிடங்குக் கணக்கையும் ஆட்களையும் பார்க்கும் கிராணி அதைப் பார்த்துவிட்டு, அங்கேயே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அன்று சாயங்காலம் நீங்கள் எல்லாரும் ஷீட் வெட்டும் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டீர்கள். அஞ்சலையைத் திரும்ப எடுக்க வேண்டும். நீங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, "இதுல இருக்கிற மாதிரி செஞ்சா ஒருத்தரும் ஒங்கள ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிப் போனார். அதை நான் அகராதியை வைத்துக்கொண்டு தமிழில் எழுதினேன். எனக்கு அன்று எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். சமையலறையில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டு வாசித்தேன். வேலை செய்யும் இடத்திலோ அதன் அருகிலோ நிற்கலாம். சமாதானமாகச் செய்தி சொல்லலாம், இணங்கவைக்கப் பார்க்கலாம். யாரையும் அச்சுறுத்தக் கூடாது. போகிற வருகிற வழியை அடைக்கக் கூடாது.

"அருகில்னா எவ்வளவு அருகில்னு இதுல போடலக்கா" என்றேன்.

"மழ வந்தா ஓடிப்போயி அவுங்க கூரைக்குள்ள நிக்கத் தோணாத தூரம்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலச் சட்டம் இன்னும் நீங்கவில்லை. நாலு பேருக்கு மேல் சும்மா கூடி நின்றாலே போலீஸ் வந்து ஏன் என்று கேட்கும். சங்கம் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து வாங்கிய அனுமதியின் பேரில்தான் வாசலில் நிற்க முடிந்தது. ஒரு சின்னத் தகராறு நடந்தாலும் அனுமதி போய்விடும், அனுமதி போனால் அஞ்சலையின் வேலையும் போய்விடும் என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய்.

"பாக்குவெட்டியெல்லாம் வீட்டுல வச்சிட்டு வரணும்" என்றாய்.

கூட்டத்தில் மூத்தவளான காளியம்மா அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏன்டி, பாக்குவெட்டி ஒன்ன என்னா செஞ்சிச்சி?"

"அது இரும்பு. போலீஸ் மாத்தா வந்து பாத்தா ஆயுதம்னு எழுதிக்குவான்."

"அப்ப என் பல்லையும் கழட்டி வச்சிட்டு வரவா? அதுவுந்தான் கடிக்கும்."

"ஒனக்குத்தான் பாதி இல்லியே."

"சொதந்தரம் வருது, சொதந்தரம் வருதுன்னு நம்ம ஊரு தெடல்லயே வந்து சொல்லிட்டுப் போனாங்க. வந்த பெறகாவது பாக்குவெட்டிய எடுத்துக்கலாமா, இல்ல அதுக்கும் தாளு வேணுமா?"

உன் ஏற்பாடுகளை நான் இன்றும் வரிசை தப்பாமல் சொல்வேன். துணி காயப்போடும் கயிற்றை எடுத்துப்போய், நின்றுகொண்டிருந்த லோரியின் அகலத்தை அளந்தாய். இரண்டு பக்கமும் ஒரு கை நீளம் கூட்டி, வாசலுக்கு இருபுறமும் தரையில் சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போட்டாய். கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், கால் விரல்கூட முன்னால் வரக் கூடாது. காலையில் முதல் வேலையாக, வாசலுக்கு எதிரே கிடந்த கற்களை எல்லாம் கூட்டிச் சாக்கடையில் தள்ளினீர்கள். கல் இருந்தால் யாராவது எறிவார்கள், யார் எறிந்தாலும் பழி நம் மேல் வரும் என்றாய். குடை கூடாது, மழைக்குச் சாக்கு போதும். புருஷன்மார் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. யாராவது திட்டினால் உடனே வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொள்ள வேண்டும், வாய் நிறைந்திருந்தால் பதில் பேச முடியாது. கடைசி லோரி போனதும் காவல்கார ஜாகா வாசல் விளக்கை அணைப்பார். விளக்கு அணைந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். "இருட்டுல நாம இருக்கக் கூடாது. இருட்டுல நடக்கிறதுக்கெல்லாம் நாமதான் பதில் சொல்லணும்" என்றாய்.

எல்லாரும் கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றீர்கள். லோரிக்காரன் தினமும் வண்டியை மெதுவாக்கி, "என்ன தங்கச்சி, ரோட்டுல கோலம் போட்டிருக்கீங்க. மார்கழி பொறந்திருச்சா?" என்று கேட்பான். காளியம்மா அக்கா வாய் நிறைய வெற்றிலையோடு கண்ணை உருட்டுவாள். அவள் மனத்தில் வந்த பதிலிலிருந்து அவனைச் சட்டம் காப்பாற்றியது என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பாய். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் வருவேன். ஒரு நாள்கூட ஒரு சண்டை நடக்கவில்லை. கோடு அழிந்தால் மறுபடி போட்டீர்கள்.

அந்தக் கோடுகளுக்கு நடுவே தினமும் ஒருத்தி உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

மீனாட்சி கம்போங் செட்டியில் குடியிருப்பவள். நம்மைவிட எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே மலாக்காவுக்கு வந்த குடும்பம். கோயிலும் பொட்டும் நம்மைப் போலத்தான். உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும், பேசுவது மலாய். நீயும் அவளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தவர்கள். அவளுடைய சம்பால் உன் தட்டிலும் உன் ரசம் அவள் கிண்ணத்திலும் இருக்கும். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. புதிதாகச் சேர்த்த ஆட்களுக்கு அது வரவில்லை. அவள் ஒருத்தி உள்ளே போவதால்தான் லோரி வெளியே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் நின்றுவிட்டால் கிராணி பேச்சுக்கு வந்தே தீர வேண்டும்.

நீ அவளை ஏசவில்லை. சட்டம் சொன்னபடி, கோட்டுக்குப் பின்னால் நின்று மலாயில், "மீனாட்சி, அஞ்சலைக்காக நில்லேன்" என்று தினமும் ஒருமுறை சொல்வாய். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

ஒருநாள் மளிகைக் கடையில் என்னைப் பார்த்து அவளே பேசினாள். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "நீங்க கூட்டம் போட்டீங்க, நானும் வந்து பின்னாடி உக்காந்தேன். எல்லாம் தமிழ்லயே பேசினீங்க. ஒருத்தரும் திரும்பி என்னைப் பாக்கல. எங்க வீட்டுல ஒரு நல்லதுன்னா சிரே வெத்தலைத் தட்டு எடுத்துட்டு வீடு வீடாப் போய்ச் சொல்லுவோம். உங்க அக்கா ஒரு தடவை என் வாசலுக்கு வந்திருக்காளா? ரோட்டுல நின்னு வா வாங்கிறா, கோழியைக் கூப்பிடுற மாதிரி."

இதை உன்னிடம் சொன்னபோது நீ மீன் கழுவிக்கொண்டிருந்தாய். மீனைச் சட்டியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாய்.

"அவ சொல்றது சரிதான். நம்ம ஆளுகளையெல்லாம் வீட்டுல போயிச் சொன்னோம். அவளுக்கு மட்டும் சொல்லல."

மறுநாள் வாசலில் இதைப் பற்றித்தான் பேச்சு. நாம் இரண்டு பேர் போய் வந்தால் போதாதா என்று அஞ்சலை கேட்டாள்.

"ரெண்டு பேரு போனா அரிசி எரவல் கேக்க வந்த மாதிரி இருக்கும்" என்றாள் காளியம்மா அக்கா. "தட்டெடுத்து அழைக்கப் போறதுன்னா நெறவா போவணும். அப்பத்தான் அவளுக்கு மரியாத."

நீயும் அதுதான் சரி என்றாய். எனக்கும் சரியாகத்தான் பட்டது. என் தாளில் இருந்தது கிடங்கு வாசலைப் பற்றி. வெற்றிலைத் தட்டோடு ஒரு வீட்டுக்குப் போவதைப் பற்றி அதில் ஏதாவது இருக்கும் என்று நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. கல்லுக்கும் இரும்புக்கும் கெட்ட வார்த்தைக்கும் ஏற்பாடு செய்திருந்தாய். மரியாதைக்கு யார் ஏற்பாடு செய்வார்கள்?

அன்று சாயங்காலம் ஜாகா வாசல் விளக்கை அணைத்தார். மற்ற நாளாக இருந்தால், "கெளம்புங்க, கெளம்புங்க" என்று நீ எல்லாரையும் விரட்டியிருப்பாய். அன்று ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தெருக்குழாயில் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு சீப்பு வாழைப்பழம். நீ அதை இரண்டு கையாலும் ஏந்தி முன்னால் நடந்தாய், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள், எல்லாருக்கும் பின்னால் நான். கோயில்களைத் தாண்டிக் கம்போங் செட்டிக்குள் போனபோது அஞ்சலை மெதுவாக, "பொண்ணு பாக்கப் போற மாதிரியே இருக்கு" என்றாள். கையில் கட்டிய சிவப்புத் துணியை யாரும் அவிழ்க்கவில்லை. நாள் முழுக்கக் கட்டியே இருந்ததால் அது வளையல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மீனாட்சி வீட்டு நிலைப்படியில் மாவிலைத் தோரணம் தொங்கியது. காளியம்மா அக்கா கதவைத் தட்டினாள். மீனாட்சி திறந்தாள். திறந்ததும் ஓர் அடி பின்னால் போய், நெஞ்சில் கை வைத்தாள். அதை நான் பார்த்தேன். பிறகு அவள் பார்வை தாம்பாளத்துக்கு வந்தது.

"மாசோக்லா, மாசோக்" என்று எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள். அவ்வளவு பேருக்கு உள்ளே இடமில்லை. பாதிப் பேர் வாசலிலும் பாதையிலும் நின்றார்கள்.

"ஒன்னைய மொதல்லயே வந்து அழைச்சிருக்கணும், மீனாட்சி. இப்பத்தான் வர்றோம். நாளைக்கு எங்ககூட வந்து நில்லு" என்று மலாயில் சொன்னாய்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாளைக்கு வர்றேன்."

அது நடந்தது, அக்கா. அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். வேறு எது மாறிப் போனாலும் இதை எழுதிவைக்க வேண்டும் என்றுதான் தொடங்கினேன்.

அந்தப் பாதையின் முனையில்தான் கிராணியின் வீடு. அவர் எதைப் பார்த்துப் போலீஸுக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பயந்துதான் சொன்னாரோ என்னவோ. சிவப்புத் துணி கட்டிய ஒரு கூட்டம், வேலைக்குப் போகிற ஒருத்தியின் வீட்டைச் சூழ்ந்து நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். போலீஸ் வண்டி வந்தபோது மீனாட்சி பலகாரத் தட்டை எடுத்துவர உள்ளே போயிருந்தாள்.

"இது வேலை செய்யும் இடமா?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"வீடுங்க. அழைக்க வந்தோம்."

அவர் உன் கையில் இருந்த துணியைத் தொட்டுக் காட்டினார். நீ அதைக் குனிந்து பார்த்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். வேலை செய்யும் இடத்திலோ அதன் அருகிலோ என்று நான் நின்றுகொண்டு வாசித்தது அந்த நேரத்தில்தான் உனக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இதுக்குத் தலைவி யார்?"

"நான்தான். மத்தவங்க எல்லாம் நான் கூப்பிட்டு வந்தவங்க."

மீனாட்சி பலகாரத் தட்டோடு வெளியே வந்து, இவர்கள் என் விருந்தாளிகள் என்று சொன்னாள். அதைக் கோர்ட்டில் வந்து சொல் என்றார் அவர். உன்னை வண்டியில் ஏற்றினார்கள். தாம்பாளத்தை இன்னொரு போலீஸ்காரர் வெற்றிலையோடு அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார். காளியம்மா அக்கா அன்று வாயில் வெற்றிலை போடவில்லை. அப்படியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

விடிவதற்குள் அனுமதியை ரத்துசெய்துவிட்டார்கள். யாரும் வாசலில் நிற்கக் கூடாது என்று காலையில் வீடு வீடாக வந்து சொன்னார்கள். பள்ளிக்குப் போகிற வழியில் கிடங்கைத் தாண்டினேன். எல்லாரும் நிற்கும் இடம் காலியாக இருந்தது. இடது பக்கக் கோட்டுக்குப் பின்னால் மீனாட்சி மட்டும் நின்றாள். நல்ல கெபாயா உடுத்தி, கையில் சாப்பாட்டுக் கூடையோடு நின்றாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. மறுபடியும் அவளிடம் மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டோம். என்னைப் பார்த்ததும், "மத்தவங்க எங்கே?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகும் உடனே போய்விடவில்லை. நான் சாலை முனை திரும்பும்வரை அங்கேயேதான் நின்றாள்.

உன்னைப் பிணையில் விட்ட அன்று இதை உன்னிடம் சொன்னேன். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "கோட்டுக்குப் பின்னாடிதான நின்னா?"

"ஆமாக்கா."

அப்போது நீ அழுதாய். லாக்கப்பிலிருந்து வந்தபோது அழவில்லை.

விசாரணைக்கு நாள் தள்ளித் தள்ளிப் போனது. அதற்குள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அடுப்பெரிய வேண்டும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அஞ்சலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளேபாங்கில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கோர்ட்டில் மீனாட்சியைக் கூண்டில் ஏற்றி, கதவைத் திறந்தபோது பயந்தாயா என்று கேட்டார்கள். அவள் உன்னைப் பார்த்தாள். "பயந்தேன்" என்றாள். "சிரேயைப் பாத்ததும் பயம் போயிருச்சு" என்றும் சொன்னாள். இரண்டையும் எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுபவரின் கை தெரியவில்லை. உன்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்பதைக் கேட்கக் கிடங்கு வாசலில் அப்போது யாரும் மிச்சமில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "அவ உண்மையத்தான சொன்னா" என்றாய்.

கிடங்கில் உன்னை எடுக்கவில்லை. நீ தையல் தைத்தாய். கம்போங் செட்டி நம் வீட்டிலிருந்து ஒரு நடைதான். நீ போகவில்லை. அவள் வாசலுக்குப் போலீஸைக் கொண்டுபோய்விட்டேன், இனி எந்த முகத்தோடு போவது என்று நினைத்திருப்பாய். தன் வாயால் சொன்ன ஒரு சொல் உன் வேலையைப் பறித்துவிட்டது என்று அவளும் நினைத்திருப்பாள். இரண்டு பேரும் ஒருவர் வரட்டும் என்று மற்றவர் காத்திருந்தீர்கள். அந்த மழைக்காலத்தில் உனக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

சாவு வீட்டுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை. மீனாட்சி வந்திருந்தாள். எதிர்ப்பக்கம் சாக்கடைக்கு அப்பால் ஓரமாக நின்றாள். உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்கு வழிவிட்டு, கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வாருங்கள் என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. கடைசிவரை இருந்துவிட்டுப் போனாள்.

இன்றைக்கும் வகுப்பறை வாசலாக இருந்தாலும் கடை வாசலாக இருந்தாலும் நான் நடுவில் நிற்பதில்லை. ஒரு லோரி போகிற அளவுக்கு இடம்விட்டு, ஓரமாகப் போய் நின்றுகொள்கிறேன். பள்ளித் தோழிகள் கேலிசெய்கிறார்கள். ஏன் என்று நான் சொல்வதில்லை.

தாம்பாளத்தில் கட்டியிருக்கும் அட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை. சுண்ணாம்புக் கறையையும் தேய்க்கவில்லை. இதை எடுத்துக்கொண்டு அந்த மாவிலைத் தோரணம் தொங்கும் வாசலுக்குப் போகலாமா என்று சாயங்காலத்திலிருந்து யோசிக்கிறேன். நிறைவாகப் போக வேண்டும் என்றால், கூட வருவதற்கு யாரும் இல்லை.

கடைசி லோரி போய்விட்டது. ஜாகா வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்க்கிறார். கிடங்கு விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அன்று நாம் தாம்பாளத்தோடு கிளம்பியதும் இந்த நேரத்தில்தான்.